இங்கே சிரிக்க வேண்டும்

எனக்கு ஆங்கில நகைச்சுவை புரிந்ததே இல்லை. புரியாமலே இருபத்திரண்டு ஆண்டுகள் அதைப் பாடமாக நடத்தினேன். அதையாவது மன்னித்துவிடலாம்... அதை எனக்குப் புரியவைத்த பெண்ணின் வாயை அடைத்தேனே, அதைச் சொல்லத்தான் உங்கள் முன் வந்திருக்கிறேன்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. பத்தாம் வகுப்பில் ஒரு வேடிக்கைப் பாடம் இருந்தது. எந்தெந்த வரி வேடிக்கை என்று கைடைப் பார்த்து, பாடப்புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு வந்ததும் நிறுத்தி, "இங்கே சிரிக்கணும்" என்பேன். நாற்பது பேரும் சிரிப்பார்கள். பிறகு, அது ஏன் வேடிக்கை என்பதற்கு விடை எழுதிப் போடுவேன். சிரிப்புக்கு இரண்டு மதிப்பெண்! நீங்களும் அப்படித்தானே படித்தீர்கள்?

ஒருநாள் மேலதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்வையிட வந்தார். வேடிக்கைப் பாடத்தை உங்கள் டீச்சர் எப்படி நடத்துகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாகஜோதி எழுந்தாள். நூல்மில்லில் வேலை பார்க்கும் பெண்ணின் மகள். அதுவரை என் வகுப்பில் சொந்தமாக ஒரு வாக்கியம்கூடப் பேசாதவள்.

அவள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னது இதுதான்: "எப்போது சிரிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிடுவார், ஐயா. நாங்கள் ஒருமுறைகூடத் தவறியதில்லை."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். என்னைப் புகழ்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்! போகும்போது அவர், இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் உள்ளேயே இருக்கிறது, அவளை நிறையப் பேசவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் பேருந்து திண்டுக்கல்லை நெருங்கும்போது நாகஜோதி சொன்ன அந்த வாக்கியம் திடீரென்று எனக்குத் திறந்துகொண்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார். என் வாழ்நாளில் ஆங்கிலத்தில் கேட்டு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. யாரும் பென்சில் கோடு போட்டுத் தராத சிரிப்பு! பதினைந்து வயதுப் பெண், வீட்டில் யாரும் பேசாத ஒரு மொழியில், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், பாராட்டுவதுபோலவே உண்மையைச் சொல்லிவிட்டாளே... எங்கிருந்து வந்தது அவளுக்கு? இன்று நினைத்தாலும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

நிறுத்தம் வருவதற்குள் இன்னொன்றும் புரிந்தது. அந்தச் சிரிப்பில் அகப்பட்டவள் நான்.

மறுநாள் காலை, நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே வராந்தாவில் காத்திருந்தாள்.

"டீச்சர், நேத்து நான் சொன்னது நல்லா இருந்துச்சா? ஐயா அம்புட்டு சிரிச்சாரே..."

அவள் கண்களில் குத்தல் இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் போதுமே! அது என் நாக்கில் ஏன் வரவில்லை?

"நீ சொன்னதுக்குச் சிரிக்கல. நீ பேசுன இங்கிலீஷைப் பாத்துச் சிரிச்சாரு."

"சரி டீச்சர்" என்றாள். உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதன்பின் என் வகுப்பில் அவள் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே இல்லை.

கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த வருடம் முடியும்வரை நேரம் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்... அவளைவிட நான் சிறியவள் என்று தெரிந்த பிறகு அவள் முகத்தைப் பார்ப்பது அத்தனை எளிதாக இல்லை.

பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் நடந்த கடைசித் திருப்புதல் தேர்வில் அதே இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தது. நாகஜோதியின் தாளைத் திருத்தினேன். எழுத்துப் பிசகாமல் என் விடையையே எழுதியிருந்தாள்.

முழு மதிப்பெண் போட்டேன்.