குலசிங்கத்தாரின் செவிட்டு மிசின்

கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் குலசிங்கத்தாரை அறியாதவர்கள் குறைவு. அறிந்தவர்களில் பாதிப்பேர் அவருக்கு விசர் என்றார்கள். பாண் தொழிற்சாலையில் மாப் பிசையும் இயந்திரங்களைத் திருத்துகிற மனுஷன், லீவு நாளில் நாலுபேரைப் போலக் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ போகாமல், நீண்ட கைப்பிடியின் நுனியில் தட்டுப் பூட்டிய உலோகம் தேடும் மிசினைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மணலைத் தடவித் திரிந்தால் வேறென்ன சொல்வார்கள்? யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அதைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் கையில்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். "நாங்கள் உதுக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். அண்ணை காசு குடுத்து வேண்டி வச்சிருக்கிறார்" என்று பகிடி விடுவார்கள். அவர் கணக்கெடுப்பதில்லை. சாமியை நம்பாதவர், சாத்திரத்தை நம்பாதவர். மண்ணுக்குள் இருந்தால் சத்தம் போடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். அந்த மிசினிடம் அவருக்குப் பிடித்ததே அதுதான்.

ஆனி மாதக் கடைசியில் அவருடைய ஒரே மகள் துர்க்காவின் தாலிக்கொடி அந்த ஏரிக்கரையில் தொலைந்தது. புகுந்த வீட்டாரோடு இறைச்சி சுட்டுச் சாப்பிடப் போன இடத்தில், கொடியைப் பூட்டும் சுரை கழன்று எங்கோ விழுந்துவிட்டது. அன்று எல்லாரும் சேர்ந்து தேடினார்கள், கிடைக்கவில்லை. அத்தோடு போயிருக்கும். ஆனால் இரண்டு கிழமை கழித்து அவளுடைய கணவன் பிரசாந் கூரை வேலையில் ஏணியால் விழுந்து காலை உடைத்துக்கொண்டான்.

ஏணியைக் கட்டாமல் வேலை வாங்கிய முதலாளியை ஒருவரும் கேட்கவில்லை. இடுப்புப் பட்டி கொடுக்காமல் மனுஷரைக் கூரைக்கு ஏற்றியது ஏன் என்று கேட்க அந்த வீட்டில் ஒரு வாயும் திறக்கவில்லை. தாலியைத் தொலைத்தவள்தான் அகப்பட்டாள். மாமியார் சாத்திரக்காரரிடம் ஓடினார். ஐப்பசிக்கு முன் புதுத் தாலி கட்டக்கூடாது என்று அவர் நாள் குறித்துக் கொடுத்தார். ஆவணியில் பிரசாந்தின் தம்பிக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு ஆராத்தி எடுக்க வேண்டியவள் மூத்த மருமகள். வெறுங்கழுத்தோடு நிற்கிறவள் ஆராத்தித் தட்டைத் தொடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. "பின்வரிசையில இரு பிள்ளை, ஒருத்தரும் கவனிக்கமாட்டினம்" என்று மாமியார் கனிவாகச் சொன்னாராம். குலசிங்கத்தாருக்கு அந்தக் கனிவுதான் நெஞ்சில் குத்தியது.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நேரே ஏரிக்கரைக்குப் போனார். துர்க்கா காட்டிய இடத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் தடவினார். காற்சட்டைப் பொத்தான், சாவி, ஒரு கரண்டி. தாலிக்கொடியைக் காணவில்லை. மிசின் காணாதா? ஆழம் போதாதா? கொடி தண்ணீருக்குள் போய்விட்டதா? யாராவது முன்னமே எடுத்துவிட்டார்களா? எந்தக் கேள்வியைப் பிடித்தாலும் அது இன்னொரு கேள்வியில் கொண்டுபோய் விட்டது.

ஒஷாவாவில் மரியோ என்றொரு இத்தாலியக் கிழவர் தன்னுடைய கராஜில் இந்த மிசின்களை விற்கிறார். அவரிடம் உயர்ந்த ரகம் ஒன்று இருந்தது. ஆழத்துக்குப் போகும், தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும், தங்கத்தையும் தகரத்தையும் பிரித்துச் சொல்லும். விலை குலசிங்கத்தாரின் ஒரு மாதச் சம்பளம். சனிக்கிழமைக்குள் சொல், இன்னொருவரும் கேட்கிறார் என்றார் மரியோ. என்ன தேடுகிறாய் என்றும் கேட்டார். குலசிங்கத்தார் தன் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தப் பார்த்தார். கலியாண மோதிரம் போலா? அப்படியென்றால் இன்னொன்று வாங்கிக் கொடுக்கலாமே, மிசினைவிட மலிவாக முடியுமே என்றார் மரியோ. ஐப்பசியை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று திரும்பினார்.

வீட்டில் மனைவி இராஜேஸ்வரி கேட்ட கேள்வி அதைவிடக் கூர்மை.

"இஞ்சேருங்கோ, அவளின்ர கலியாணத்திலயே உது வெறும் உலோகம் எண்டு மேடையில நிண்டு கதைச்ச ஆள் நீங்கள். இப்ப ஒரு மாசச் சம்பளத்தைக் குடுத்து அந்த உலோகத்தைத் தேடப் போறியளோ?"

"நான் தாலியைத் தேடேல்லை. பிள்ளையின்ர மரியாதையைத் தேடுறன்."

"அப்ப மரியாதை தாலிக்குள்ளதான் இருக்கெண்டு ஒப்புக்கொள்ளுறியள்."

அதுதான் அவரையும் நித்திரை கொள்ளவிடாத கேள்வி. தேடினால் அவர்களுடைய மூடத்தனத்துக்குக் கூலி வேலை. தேடாவிட்டால் மகள் பின்வரிசையில். வாங்கினால் ஒரு விசர், வாங்காவிட்டால் இன்னொரு விசர்.

கடைசியில் தன் தொழில் புத்தி கைகொடுக்கட்டும் என்று தீர்மானித்தார். இயந்திரத்தை மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். துர்க்காவின் கொடியும் இராஜேஸ்வரியின் கொடியும் ஒரே ஆசாரி செய்தவை, ஒரே மாதிரி. தாலியின் இரண்டு பக்கத்திலும் தங்கப் பவுண் காசு கோத்தவை.

"ஒருக்கால் கழட்டித் தா. மண்ணுக்குள்ள வச்சுப் பாக்கவேணும்."

"நான் சாகும் வரைக்கும் கழட்டமாட்டன்."

"நீயும் அவையளோட சேந்திட்டியோ?"

"எனக்கு விருப்பம், போட்டிருக்கிறன். உங்களுக்கு வேணுமெண்டா மிசினை இஞ்ச கொண்டுவாங்கோ."

வீட்டுக்குப் பின்னால், வேலியோரம் கதிரை போட்டு மனைவியை அமர்த்தினார். இராஜேஸ்வரி வளையலையும் தோட்டையும் கழற்றி வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தார். "பிறகு அடையாள அட்டையும் கேப்பியளோ?" என்றார். அடுத்த வீட்டுக் கிளடிஸ் யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

குலசிங்கத்தார் தட்டைக் கழுத்தருகே கொண்டுபோனார். மிசின் சத்தம் போடவில்லை. இன்னும் கிட்ட. சத்தமில்லை. கொடியிலேயே முட்டினார். கல்லைப் போலக் கிடந்தது.

"கடவுளே! என்ர தாலியில பொன்னே இல்லையெண்டு சொல்லுதே உங்கட மிசின்! முப்பது வருசமா என்னத்தை எனக்குக் கட்டி வச்சிருக்கிறியள்?"

மண்ணுக்குள் இருந்தால் சத்தம் போடும் என்று இத்தனை நாளும் குலசிங்கத்தார் நம்பிய ஒன்று, கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொன்னை இல்லை என்கிறது. கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. கனடாவில் ஒரு சதக் காசு புழக்கத்தில் இல்லாமல் போய்ப் பல வருசம். கரையெங்கும் அது சிந்திக் கிடக்கிறது. கிண்டிக் கிண்டிக் களைத்துப்போய், ஒரு சதத்தின் அளவில் எது வந்தாலும் பேசாமல் இரு என்று போன வருசம் அவரே மிசினுக்குக் கட்டளையிட்டிருந்தார். மெல்லிய மோதிரம் போடுகிற வெள்ளைக்காரருக்கு அந்தக் கணக்குச் சரி. இரண்டு பவுண் காசு கோத்த யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியோ மிசினின் கணக்கில் போய் நின்றது அந்தச் செல்லாக்காசின் இடத்தில். மிசின் செவிடில்லை. காதை அடைத்தது அவர்.

கட்டளையை எடுத்துவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார். மிசின் வீரிட்டது. கிளடிஸ் யன்னலைச் சாத்தினாள்.

அடுத்த நாள் காலை துர்க்கா தன் காரிலேயே அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனாள். இந்தமுறை மிசின் வாய் ஓயவில்லை. ஒரு சதம். பிறகும் ஒரு சதம். துர்க்கா குந்தியிருந்து சிறிய சல்லடையால் மண்ணை அரித்தாள். "அப்பா, கனடாவில இருக்கிற முழுச் சதமும் இஞ்சதான் கிடக்கு" என்று சிரித்தாள். அவள் சிரித்து அவர் கண்டு எவ்வளவோ நாள். வெயில் ஏறிய பிறகு, இறைச்சி சுட்ட இடத்திலிருந்து நாலடி தள்ளி, அவர் முன்பு நூறுமுறை நடந்துபோன மண்ணிலிருந்து, சல்லடைக்குள் மஞ்சளாக ஒன்று சுருண்டு விழுந்தது.

குலசிங்கத்தார் கொடியை எடுத்து மண்ணை உதறி மகளிடம் நீட்டினார்.

"போட்டுக்கொள்ளு பிள்ளை. மாமிக்கு ரெலிபோன் எடு."

துர்க்கா கொடியைத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். கழுத்தில் போடவில்லை. அவருடைய மேற்சட்டைப் பைக்குள் போட்டாள்.

"கலியாணம் முடியுமட்டும் நீங்கள் வச்சிருங்கோ."

"என்னடி சொல்லுறாய்?"

"கேளுங்கோ அப்பா. இப்ப இதைப் போட்டுக்கொண்டு போனா, தாலி கிடைச்சதாலதான் அவரின்ர கால் சுகமாகுது எண்டுவினம். பிளாஸ்டர் போட்ட டொக்டர் ஆரெண்டும் கேக்கமாட்டினம். நாளைக்கு இன்னொருத்தியின்ரது துலைஞ்சா, அவளைப் பின்னுக்கு இருத்துவினம்."

"அப்ப ஏன் பிள்ளை இவ்வளவு நேரமும் மண் அரிச்சனி?"

"அது என்ர தாலி, அப்பா. எனக்கு வேணும். அவைக்குக் காட்டத்தான் வேண்டாம்."

அவருக்கு விளங்கியது மாதிரியும் இருந்தது, விளங்காத மாதிரியும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஸ்காபரோ மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றபோது ஆராத்தித் தட்டை வெறுங்கழுத்தோடு துர்க்கா தூக்கினாள். மாமியார் திடுக்கிட்டு முன்னால் வந்தார். "பிள்ளை, உதை வை. சனம் பாக்குது." துர்க்கா வைக்கவில்லை. மறுபக்கம் பிடிக்க வந்த பெண் கையைப் பின்னுக்கு இழுத்தாள். ஊன்றுகோலோடு நின்ற பிரசாந் தாயின் தோளைத் தொட்டு, "அம்மா, தள்ளி நில்லுங்கோ. படமெடுக்கிறவருக்கு மறைக்குது" என்றான். மகனுடைய முகத்தைப் பார்த்த மாமியார் அரையடி தள்ளி நின்றார். இராஜேஸ்வரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய்த் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

தட்டு சுற்றியது. குலசிங்கத்தார் கோட்டுப் பைக்குள் கைவிட்டு மகளின் கொடியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். வெறும் உலோகம். ஆனால் பிடியை விடவில்லை.

மற்றப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது, குறுஞ்செய்தி. மரியோ. இன்று சனிக்கிழமை, மிசின் வேண்டுமா, தேடினது கிடைத்ததா என்று கேட்டிருந்தார். குலசிங்கத்தார் ஓம் என்று அடித்தார், அழித்தார். இல்லை என்று அடித்தார், அதையும் அழித்தார். பிறகு தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, மகளை இருக்கச் சொன்ன பின்வரிசைக் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இருக்கவில்லை.