அடைமழையில் ஒரு தாகம்

என் தங்கை கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கப் பெங்களூருக்குப் போனபோது அவளுடைய நாய் என்னிடம் வந்தது. ஐந்து கிலோகூடத் தேறாத, பழுப்பும் வெள்ளையும் கலந்த பெட்டை நாய். ஆறு வயது. நான் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் எழுத்தர். கணவருக்குச் சமவெளியில் வேலை; சனிக்கிழமை மலையேறி வந்து திங்கள் காலை இறங்கிவிடுவார். குவார்ட்டர்ஸில் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று தங்கைதான் பிடிவாதமாகக் கொண்டுவந்து விட்டாள்.

அங்கே அது தயிர்சோறும், கோழி வேகவைத்த தண்ணீரில் குழைத்த சோறும் தின்று வளர்ந்தது. இங்கே வரும்போது கூடவே ஒரு பெரிய பை நிறைய உலர் தீனியும் வந்தது.

“காலைல ஆபீசுக்கு ஓடற உனக்கு எதுக்குக்கா சோறாக்கிக் குழைக்கிற வேலை? இதைக் கிண்ணத்துல கொட்டுனாப் போதும். எல்லாச் சத்தும் இருக்குது” என்றாள் தங்கை.

எனக்கும் வசதியாகத்தான் பட்டது. மறுநாள் காலையிலிருந்தே சோற்றை நிறுத்திவிட்டுத் தீனியைப் போட்டேன். நாய் கறுக்குமுறுக்கென்று கடித்து ரசித்துத் தின்றது. மூன்றாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்தது. பயந்துபோய் இரண்டு நாள் வெறும் சோறு கொடுத்தேன், நின்றது. மறுபடி தீனி, மறுபடி போனது. அது ஒருவழியாக அடங்கிய பிறகு தாகம் வந்தது.

அது ஜூன் மாத மழை. எங்கள் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துணி ஒரு வாரமானாலும் காயாது, தீக்குச்சி உரசினால் பற்றாது. ஊரே தண்ணீரில் ஊறிக்கிடக்கையில் என் நாய் மட்டும் தாகத்தில் தவித்தது. கிண்ணத்தை நிரப்பி வைத்தால் ஒரே மூச்சில் காலி. பிறகு கூரைத் தகரத்தின் ஓரத்தில் சொட்டும் தண்ணீரை நக்கப் போகும். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வரவேண்டும் அல்லவா? மழையில் இறங்கப் பிடிக்காமல் கட்டிலடியிலேயே ஒன்றுக்கு இருந்துவிடும். தங்கைக்குப் போன் செய்தேன். “சர்க்கரையா இருக்குமோக்கா?” என்று அவள் அழுதேவிட்டாள்.

அப்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். தரை நனைவது நின்றது. ஆனால் இரண்டே நாளில் நாய் புல்லில் குந்தி முக்கி முக்கிப் பார்த்துவிட்டு, கூழாங்கல் போல இரண்டு துண்டு போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண் தினமும் என் குவார்ட்டர்ஸ் வழியாகத்தான் போவார். என் வயதுதான் இருக்கும். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கே. வருகைப் பதிவேட்டில் அவர் எண்ணுக்கு நேரே காலையில் ஒரு டிக் போடுவேன். பதினோரு வருடத்தில் எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவே.

அன்று வேலை முடிந்து குடையோடு வந்தவர் வாசலில் நின்றுவிட்டார்.

“மேடம், ஒங்க நாயி பீலியடியில நிக்குது. துணி தொவச்ச தண்ணிய குடிக்குது.”

பீலி என்று அவர் சொல்வது நாங்கள் துணி துவைக்கும் குழாயடியை. ஓடிப்போய்த் தூக்கிவந்தேன். தாடையெல்லாம் சோப்பு நுரை. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன்.

“ஊட்டுக்குள்ளயே நனைச்சு வெச்சுருதுங்க. அதான் கிண்ணத்தை எடுத்துட்டேன்.”

அவர் கடிந்துகொள்ளவில்லை. “என்னா சாப்பாடு குடுக்குறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

பையைக் காட்டினேன். ஒரு பிடி உருண்டைகளை உள்ளங்கையில் எடுத்து, கொழுந்தைப் பார்ப்பது போல விரலால் அழுத்தினார், முகர்ந்தார், ஒன்றை உடைத்தார். பிறகு, “ஒரு டம்ளர்ல கால்வாசி வெந்நி குடுங்க மேடம்” என்றார். கொடுத்தேன். உருண்டைகளை அதில் போட்டுவிட்டு நாயைத் தண்ணீர் குடிக்க விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரை என்னிடம் நீட்டினார். உருண்டைகள் உப்பி இரண்டு மடங்காகியிருந்தன. சாய்த்துப் பார்த்தேன், தண்ணீர் அநேகமாக இல்லை.

“டம்ளர்ல இருந்ததை உறிஞ்சிருச்சு. வயித்துக்குள்ள போனா எங்கேருந்து உறிஞ்சும்? தயிர்சோத்துல பாதிக்கு மேல தண்ணிதானே. அது தின்னும்போதே குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. இப்ப தனியா குடிக்குது.”

நான் பி.காம். படித்தவள். பையில் அச்சடித்த அத்தனையையும் வாசித்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது அவர் அடுத்துச் சொன்னதை. “இது என் யோசனைதான் மேடம். தாகத்துக்கு வேற காரணமும் இருக்கலாம். எங்கம்மாவுக்குச் சர்க்கரை வந்தப்பவும் இப்படித்தான் குடிச்சாங்க. டாக்டர்ட்ட காட்டிருவோம். ஆனா வெறுங்கையோட போயி நிறைய குடிக்குதுன்னு சொன்னா அவங்களுக்கு என்னா தெரியும்?”

ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கி, அதில் அரை டம்ளருக்கு ஒரு கோடாக மார்க்கர் பேனாவால் போட்டார். காலையில் அதிலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றுவது, மறுநாள் காலையில் மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றிப் பார்ப்பது, கிண்ணத்தை மழைச் சாரல் படாமல் உள்ளே வைப்பது என்று வழியும் சொன்னார். இரண்டு நாள் அப்படியே செய்து காகிதத்தில் குறித்தேன். மூன்றாம் நாள் அரைநாள் லீவு போட்டு அவரும் என்னோடு கால்நடை மருத்துவமனைக்குப் பஸ் ஏறினார். நாயை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தேன்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். நாயின் பிடரித் தோலை இழுத்து விட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “எவ்வளவு தண்ணி குடிக்குது?” என்று கேட்டார். நான் காகிதத்தை நீட்டினேன்.

“இதை யாருங்க அளந்தது?”

நான் திரும்பிப் பார்த்தேன். கூட வந்தவர் குடையை மடக்குவதில் மும்முரமாக இருந்தார்.

“எங்கிட்ட வர்ற பத்துல ஒருத்தர்கூட அளந்துட்டு வர மாட்டாங்க” என்றார் மருத்துவர். காது மடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார். சர்க்கரை இல்லை. உலர் தீனி தின்னும் நாய்க்கு இந்த அளவு பயப்படும்படி இல்லை என்றார். “ஒரே நாள்ல மாத்தினதுதான் தப்புங்க. குடலுக்குப் பழக நாள் வேணும். பழைய சோத்துல கொஞ்சமா இதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாள்ல ஏத்திட்டே வாங்க. ஊற வெச்சுக் குடுங்க. தண்ணியை மட்டும் எப்பவும் எடுக்காதீங்க. அளவு திடீர்னு கூடினாலோ, எடை குறைஞ்சாலோ உடனே கூட்டிட்டு வாங்க.”

அடுத்த பத்து நாளும் அவர் ஃபேக்டரிக்குப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை வந்தார். அட்டை ஏறாமலிருக்கக் காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு புல்லில் இறங்கி, ஒரு குச்சியால் நாய் போட்டதைக் கிளறிப் பார்ப்பார். முகம் சுளித்ததே இல்லை. “இன்னைக்குக் கொஞ்சம் இளக்கம். நாளைக்கு ஏத்த வேணாம், இதே அளவுல நிப்பாட்டுங்க” என்பார். நான் அவசரப்பட்ட இரண்டு தடவையும் அவர்தான் தடுத்தார். எட்டாம் நாள் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் சிரித்தார். “வாழப்பழம் மாதிரி இருக்கு மேடம்!”

இருவரும் மழையில் நின்று அப்படிச் சிரித்தோம்.

ஜூலையில் ஒரு நாள், ஆபீஸ் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க ஃபேக்டரி மாடிக்குப் போனேன். நீளத் தொட்டிகளில் கொழுந்து பரப்பியிருந்தது. மழையில் பறித்த இலை, தண்ணீர் அதிகம். மேற்பார்வையாளர் அவரிடம் வந்து, இலையை வாட்டும் காற்றாடியை நிறுத்தலாம் என்றார். அவரோ கையை முழங்கைவரை இலைக்குள் விட்டு, ஒரு பிடி அள்ளி இறுக்கி, மெல்ல விரித்தார். நன்றாக வாடியிருந்தால் பந்து போல நிற்கவேண்டிய இலை பிரிந்து விழுந்தது. “இன்னும் ஒரு மணி நேரம் ஓடணும் சார்” என்றார். மேற்பார்வையாளர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார்.

நான் வந்த வேலையை மறந்து நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிக்கொண்டே அவர் கேட்டார்:

“என்னாங்க அக்கா, காலையில சாப்பிட்டுச்சா?”

அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர். சாப்பிட்டது, தண்ணீர்க் கிண்ணத்தில் மிச்சமும் வைத்திருக்கிறது என்று சொன்னேன்.