மணல்மேட்டில் எங்கள் வானைச் சுற்றியவர்

இன்று காலை தூ தேசியப் பூங்காவின் மணல்மேடுகளுக்கு நடுவே, உள்ளேயே படுத்துறங்கும் எங்கள் காம்பர் வானை நிறுத்தியிருந்தோம். டென்மார்க்கில் பாலைவனம் என்று சொல்லக்கூடிய இடம் இதுதான். வானைப் போன மாதம்தான் ஸ்கீவ நகரில் ஒரு வாகன வியாபாரியிடம் பழையதாக வாங்கினோம்.

தேநீர் ஊற்றும்போது வயதான டேனிஷ்காரர் ஒருவர் வானைச் சுற்றி நடந்தார். இலக்கத்தகட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு இன்னொரு முறை சுற்றினார்.

"இஞ்ச நிக்கக் கூடாதோ?" என்றாள் மனைவி.

"நிக்கலாம். அறிவிப்புப் போர்ட்டில போட்டிருக்கு."

"அப்ப ஏன் அந்தாள் நம்பரைப் பாக்குது? களவு வானை எங்கட தலையில கட்டிப்போட்டாங்களோ?"

எனக்கும் சந்தேகம்தான். எண்பத்தெட்டில் அகதியாக வந்தவன் நான். இவளை அழைக்கக் கொடுத்த விண்ணப்பம் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தது. அன்றிலிருந்து யாராவது உற்றுப் பார்த்தால் என் கை தானாகவே பத்திரங்களைத் தேடும்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் ஒன்றையும் வாங்கிப் பார்க்கவில்லை.

"இது எங்கள் வான்," என்றார்.

மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

"பதினாறு வருடம் நானும் மனைவியும் இதில்தான் இங்கே வந்தோம். அவள் இறந்த பிறகு விற்றுவிட்டேன். கொஞ்சநேரம் உள்ளே உட்காரலாமா?"

உட்கார்ந்தார். யன்னலைப் பார்த்தார். "அவள் தைத்த நீலத் திரைகள் எங்கே?"

அவை எங்கள் கையால் கிழிபட்டு, கண்ணாடி துடைக்கும் துண்டுகளாகி, அவர் இருந்த இருக்கைக்குக் கீழே கிடந்தன.

"தோய்க்கப் போட்டிருக்கிறேன்," என்று மனைவி டேனிஷில் சொன்னாள், முகம் மாறாமல்.

திரைகளை அனுப்பிவைக்கச் சொல்லி விலாசம் எழுதித் தந்துவிட்டுப் போனார். இவள் அந்த ஆளை இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் துண்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ஊர் இக்காஸ்ட் பக்கம் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?