பைலட்டின் கால்களை எங்கே வைப்பது?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராயப்பேட்டையில் ஒரு ரேடியேட்டர் கடைக்குள் போர் விமானம் ஓட்டினேன். மொத்தம் நாற்பது நிமிடம். ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

விளக்குகிறேன்.

கடை பைசல் பாயுடையது. கார், லாரி ரேடியேட்டர்களில் ஒழுகலை அடைப்பது தொழில். ஆள் ஐந்தடி இருந்தால் அதிகம். எப்போதோ செல்போனில் ஸ்பிட்ஃபயர் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன்காரர்கள் ஓட்டிய சண்டை விமானம். மற்றவர்கள் அதன் இறக்கை அழகைப் பார்த்து மயங்குவார்கள். பாய் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு ரேடியேட்டர் எங்க கீது?"

இறக்கைக்கு அடியில் இருந்தது. அன்று பிடித்த பைத்தியம்.

அந்த விமானத்துக்கு ஒரு குறை. வேகம் உண்டு, சட்டென்று திரும்பும் — ஆனால் பெட்ரோல் கொஞ்சம்தான் பிடிக்கும். குண்டு போடப் போகும் பெரிய விமானங்களுக்குத் துணையாக பெர்லின்வரை போய்த் திரும்ப அதனால் முடியவில்லை. துணையில்லாமல் போனவை நிறைய விழுந்தன. ஆரம்பத்திலேயே பெரிய டேங்க் வைத்திருந்தால்? போர் சீக்கிரம் முடிந்திருக்குமா? இன்னும் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்? பாயின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகள் இவைதான். எனக்கெல்லாம் தூக்கம் கெட வேறு காரணங்கள் இருந்தன.

அடையாறில் ஒரு ஹாலில், மாதிரி விமானம் செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைக்கிறார்கள். அங்கே 'நடந்திருந்தால்' என்று ஒரு மேஜை — பிறக்காமலே போன விமானங்களுக்கு. போன வருடம் பாய் தன் பெரிய டேங்க் ஸ்பிட்ஃபயரை அதில் வைத்தார். கண்காட்சியை நடத்துகிற ரமணன் சார், மயிலாப்பூர்க்காரர், பாங்க் ஆபீஸர். கணக்குத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பாய், பெட்ரோலை எல்லாம் வால் பக்கமே வெச்சிருக்கேள். இது பறக்காது, உட்காரும்!"

ஹாலே சிரித்தது. பாய் மாடலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஒரு வருடம் அந்தச் சிரிப்போடு இருந்திருக்கிறார். இந்த முறை எதையும் விடவில்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு டேங்க், இறக்கைகளில் இரண்டு. பறக்கத் தொடங்கியதும் முதலில் பின் டேங்கைக் காலி செய்ய வேண்டும். சண்டை வரும் நேரத்தில் வால் கனக்காது. லோடு வண்டியில் போனவனுக்கு இது உடனே புரியும். எனக்குப் புரிந்தது.

அப்புறம்தான் பக்கத்துத் தெருக்காரனான என்னைக் கூப்பிட்டார். காயலான் கடை கார் சீட் ஒன்று, பெடலுக்கு இரண்டு செங்கல், முதுகுக்குப் பின்னால் டேங்க் என்று ஒரு பலகை.

"குந்து நைனா. நீதான் பைலட்டு."

குந்தினேன். முட்டி முகவாயில் இடித்தது.

"பாய், இடம் பத்தலையே?"

"அதெல்லாம் பத்தும். நான் குந்திப் பாத்தேன், ஜம்முனு கீது."

"எத வெச்சு அளந்தீங்க?"

பாய் கையை விரித்துக் காட்டினார். அந்தக் கடையில் டேப் கிடையாது. முப்பது வருடமாக எல்லாமே அவர் சாண்தான். சீட்டிலிருந்து பெடல்வரை ஐந்து சாண். அவர் சாண்... அவர் கால்.

இருபதாவது நிமிடம் இடது கால் மரத்தது. நாற்பதாவது நிமிடம் கேட்டேன்: "பெர்லின் போய் வர எவ்ளோ நேரம் பாய்?"

"ஆறு மணி நேரம். இன்னாத்துக்கு?"

"ஒண்ணுக்கு வந்தா?"

பாய் குனிந்து என் முட்டியைப் பார்த்தார்.

நான் லாரியில் க்ளீனராக நாக்பூர்வரை போனவன். நடுவில் நிறுத்தமாட்டார்கள். பாட்டில்தான். அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, பழகிவிடும். ஆனால் அதற்கும் முட்டியை அகட்ட இடம் வேண்டும்.

பாய் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு என் காலையே சாண் போட்டு அளந்தார். "இன்னாய்யா இது, கொக்கு காலு!" என்று திட்டிக்கொண்டே சீட்டைப் பின்னால் தள்ளினார். ஒன்றரை சாண். அவ்வளவும் டேங்க் இருந்த இடம். தரையில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார்.

"பெர்லின் போவும்," என்றார். "திரும்பி வராது."

"விடுங்க பாய். ரமணன் சார் உள்ள ஏறி உக்காந்தா பாக்கப் போறாரு? சீட்ட தள்றதுக்கு முன்னாடி போட்ட சார்ட்டையே வெச்சிடுங்க."

"அவரு குந்த மாட்டாரு. பைலட்டு குந்துவான் இல்ல?"

"எந்த பைலட்டு? இந்த விமானமே இல்லியே!"

"இருந்திருந்தா குந்தியிருப்பான் இல்ல, அவன்தான்."

ஞாயிற்றுக்கிழமை நானும் அடையாறு போனேன். பாயின் சார்ட்டில், போய்த் திரும்பக்கூடிய தூரத்தைக் காட்டும் சிவப்புக் கோடு பெர்லினுக்கு வெகுமுன்பே நின்றுவிட்டிருந்தது. ரமணன் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"பேஷ்! வால் கனம் சரியாயிடுத்து. ஆனா பெர்லின் போகலையே பாய்? பின் டேங்கை இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணினா போயிடுமே?"

"போவும் சார். ஆளு இல்லாம போவும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பரிசு வேறு யாருக்கோ போனது. பாய் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ரமணன் சாரை. அதே மேஜையில் சாருடைய மாடல்களும் இருந்தன — நாலு பீரங்கி, ரெட்டை எஞ்சின், என்னென்னவோ. சார் குனிந்து, தன் விமானம் ஒன்றின் காக்பிட்டுக்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை, தன்னையறியாமல் சாண் போட்டது.

சரித்திரத்தை மாற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினை மாற்றுகிறார்கள், இறக்கையை மாற்றுகிறார்கள். உள்ளே உட்காரப் போகிறவனை யார் அளக்கிறார்கள்?

இடது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. கேட்பவர்களிடம், போரில் பட்ட காயம் என்று சொல்லிக்கொள்கிறேன்.