கர்ப்பிணிகள் வரிசையில் ஓர் அக்கா

ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு, மேசைமேல் முழங்கையை ஊன்றி, “கொதிப்பு பாக்கற பட்டைய கட்டுங்க நர்ஸம்மா” என்று அந்த அக்கா உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஜவ்வாது மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் செவிலியராக இருந்தேன். அன்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். வரிசை முழுக்கச் சின்னப் பெண்கள். நடுவில் பேரப்பிள்ளை எடுத்த இவர். “அக்கா, இது மாசமா இருக்கறவங்களுக்கு” என்றேன். “அப்ப மாசமானாத்தான் ரத்தக் கொதிப்பு பாப்பீங்களா? இந்த வயசுல நான் இன்னா பண்றது, சொல்லுங்க” என்றார். பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. முந்தைய புளி உலுக்கும் பருவத்தில், மரத்தடியிலேயே அவர் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மலையில் நெஞ்சு வலித்தால் அது வாயுதான். ஓமத்தண்ணீர் கொடுத்து, முதுகை நீவி, ஏப்பம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். சாமைச்சோறு தின்று மலையேறுகிறவனுக்கு மாரடைப்பா, அது சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டார் வியாதி என்பது அவர்கள் நம்பிக்கை. ஏப்பமும் வந்தது, எல்லோரும் நிம்மதியானார்கள். மறுபடி வலி வந்து வேலூருக்குக் கொண்டுபோனபோது, மலையடிவாரத்து அமிர்தியைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வாழ்நாளில் ஒருமுறைகூட யாரும் பார்க்கவில்லை.

அக்காவின் கையில் பட்டையைக் கட்டினேன். கொதிப்பு அதிகமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் மகனையும் கொழுந்தனாரையும் இழுத்துவந்து அதே வரிசையில் உட்காரவைத்தார். மேலதிகாரி என்னைக் கடிந்துகொண்டார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது வீடு தேடிக் கொதிப்பு மாத்திரை வருகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். மழையில் பாதை கெட்டால் அதுவும் கீழேயே நின்றுவிடுகிறது. போலியோவை விரட்ட நாடே வீடு வீடாக ஏறி இறங்கியதே, இதயத்துக்கு மட்டும் ஏன் விழுந்த பிறகு ஆம்புலன்ஸ்? இதைத் தலைவிதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இது அலட்சியம்.

கிராம சபையில் அக்கா எழுந்து அதைத்தான் கேட்டார். மாரடைப்பு வராமல் தடுப்பதை டெல்லி அரசு தன் முதல் வேலையாக எடுக்கவேண்டும், தீர்மானம் போடுங்கள் என்றார். ஊராட்சிச் செயலர் சிரித்தபடி, “இங்கேர்ந்து சொன்னா டெல்லியில எடுபடுமாம்மா?” என்றார்.

“ஓட்டு மட்டும் எடுபடுதுங்களே.”

தீர்மானம் நிறைவேறியது. பதில் வரவில்லை. அடுத்த சபையிலும் அதே தீர்மானம், அதற்கடுத்ததிலும். ஓய்வுபெற்றுக் கண்ணமங்கலத்தில் இருக்கும் நான் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். போன தடவை மனசு கேட்காமல், “சலிக்கலையா அக்கா?” என்றேன்.

“தெரியாம அவர சாவடிச்சது நாங்க. தெரிஞ்சும் சும்மா இருக்கறது அவங்க. நான் எதுக்குங்க சலிக்கணும்?” என்று சொல்லிவிட்டுத் தீர்மானத்துக்குக் கையைத் தூக்கினார்.