மூன்று ஆற்றுக்கும் ஒரே ஓடக்காரன்

ஒரு கதையில் தற்செயல் எத்தனை முறை வரலாம் என்று எங்கள் வீட்டு வாசலில் மாதக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. வாதாடிய மூன்று பெண்களில் யாருக்கும் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொன்னவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாங்கள் கடல் கடந்து வந்து, ஒரு தீவு நகரத்தில் டத்தோ கிராமாட் என்ற பகுதியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. பக்கத்து வீட்டில் ஒரு நாகூர்க்கார அம்மா இருந்தார். அவர்கள் வீட்டு வழக்கப்படி அக்காவுக்கு ராத்தா என்று பெயர். பெரியவர், சிறியவர் எல்லோருமே அவரை ராத்தா என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய கணவருக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. பருப்பும் மிளகாயும் போட்டுக் கொடுக்கக் காகிதப் பை வேண்டும். பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா, சித்தி, ராத்தா மூவரும் அஞ்சடியில், அதாவது வீட்டு முகப்பில் கூரை போட்டிருந்த நடைபாதையில், உட்கார்ந்து பை ஒட்டுவார்கள். மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை. அந்தக் கிண்ணத்துக்கு நான் பொறுப்பு. இன்று மருந்து கலக்கும் வேலையில் இருக்கிறேன். கட்டி விழாமல் கலக்கும் வித்தையை முதலில் பழகியது அந்தக் கிண்ணத்தில்தான்.

பத்திரிகைகளில் பாதி, ஊரிலிருந்து கப்பலில் வரும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. அதில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது.

ஒரு நகரம். அதன் அரசன் கிணறுகளையெல்லாம் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டான். தண்ணீர் வேண்டுகிறவர்கள் கிணற்றுக் காவலனிடம் ஒரு ஞாபகத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு குடத்துக்கு ஒரு ஞாபகம். அம்மாவின் முகத்தைக் கொடுத்தவனுக்கு அன்றோடு அம்மா இல்லை. இப்படி ஊரே ஒருவரையொருவர் மறந்து, தெருவில் இடித்துக்கொண்டாலும் யாரென்று கேட்காமல் நடந்துகொண்டிருந்தது. கதாநாயகன் ஆறு தேடி மதிலேறிக் குதிக்கிறான். போகும்போது மனைவியிடம், "எதை வேண்டுமானாலும் கொடு, என் பெயரை மட்டும் கொடுத்துவிடாதே" என்கிறான். அவளும் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

கதை எங்களுக்கு வரிசையாகக் கிடைக்கவில்லை. பத்திரிகைக் கட்டின் மேலே எது இருந்ததோ அது முதலில். அவன் மலையிலிருந்து விழுந்ததைப் படித்துவிட்டு, மலையேறியதை அடுத்த மாதம் படித்தோம். படித்த தாளை எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. அதையும் பையாக்கிக் கொடுத்துவிட வேண்டும். அவன் மலையேறிய அத்தியாயம் துவரம் பருப்போடு யார் வீட்டுக்கோ போயிற்று. கதைத் தலைப்பில் பூட்டுத் தொங்கும் கிணறு ஒன்றின் படம் இருக்கும். சித்தி அந்தப் படத்தை அடையாளம் வைத்துத் தாள்களைப் பொறுக்கி என் மடியில் போடுவாள்.

பிழைகளை நான் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தேன். காவலர்கள் கதாநாயகனை நெருங்கும்போதெல்லாம் கிரகணம் பிடித்தது; ஒரு வருஷத்துக்கு எத்தனை கிரகணம்? அயலூர் அரண்மனையில் அவனை அடையாளம் கண்டுகொள்ளும் சமையற்காரி அவனுடைய தெருக்காரியாம். தெருவையே மறந்துவிட்டு வந்தவளுக்கு அவன் முகம் மட்டும் எப்படி நினைவிருந்தது? எல்லாவற்றையும்விட அந்த ஓடக்காரன். மூன்று ஆறுகள், மூன்று தேசங்கள். கதாநாயகன் கரையில் வந்து நின்றதும் ஓடத்தோடு வருகிறவன் மட்டும் ஒரே ஆள்.

"ஓடக்காரன்னா ஆறு ஆறாத்தானே போவான்?" என்பாள் சித்தி.

"கதைதானே லா, விடுங்க. அவனுக்கும் பொழைப்பு நடக்க வேணாமா?" என்பார் ராத்தா.

அம்மாவுக்கு ஓடக்காரனைப் பற்றிக் கவலை இல்லை. அவள் வழக்கெல்லாம் கதாநாயகன்மேல்தான். அயலூர் அரண்மனையில் ராணி ஒருத்தி அவனை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்கிறாள். மயக்க மருந்து கொடுத்துவிட்டாள் என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

"மயக்க மருந்தாம்ல!" அம்மா பையை அறைந்து ஒட்டினாள். "பன்னீர்ல குளிச்சுப் பாயசம் குடிக்கிறவனுக்கு மயக்கம் வராம என்ன செய்யும்? இங்க ஒருத்தி ஒரு கொடம் தண்ணிக்குப் பெத்த தாயையே மறந்துட்டு நிக்கிறா. அது சரியா? தாயை மறந்துட்டு இந்தப் பயல் பேரை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறா?"

"அவரு வேணும்னேவா இருந்தாரு? மருந்து வச்சிட்டாங்கக்கா." கதாநாயகனை "அவரு" என்று சொன்னவள் சித்தி ஒருத்திதான்.

"அந்த மருந்து எங்க விக்கிதுன்னு பத்திரிகையில போட்டிருக்கா பாரு புள்ள," என்று ராத்தா என் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் குடுத்து, கடையை விட்டு வீட்டுல ஒக்கார வைக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள், ஆனால் சிரித்து முடித்ததும், "மருந்து தெளிஞ்சா வந்துருவாரு" என்று தாளைப் பார்த்தபடி சொன்னாள்.

சித்தி, என் அப்பாவின் தம்பி மனைவி. தோட்டத்தில் வேலை போனதும் சித்தப்பா அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, வேறு வேலை கிடைத்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒரு சேதியும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து சித்தியின் அம்மா, வந்துவிடு என்று கப்பலில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். தீபாவளி வரைக்கும் பார்ப்போம், அப்புறம் கப்பல்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தி மறுத்தாள். தான் கப்பலேறிவிட்டால் அவர் வந்து கதவைத் தட்டும்போது யார் இருப்பார்கள் என்று கேட்டாள்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அது வீட்டு விஷயம், இது கதை. இரண்டையும் நான் வேறு வேறு அலமாரியில் வைத்திருந்தேன். அம்மா கதாநாயகனைத் திட்டியபோது யாரைத் திட்டினாள் என்பது ராத்தாவுக்குத் தெரியும், சித்திக்கும் தெரியும். கதையைச் சாக்காக வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேரே பேச முடியாததையெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சித்தி என்னிடம் கோபித்துக்கொண்டதுகூட உண்டு.

"தற்செயலா வரவே கூடாதுன்னா இந்த ஊர்ல யாரு யாரைப் பாக்க முடியும்? நான் கப்பல்லேர்ந்து எறங்குன அன்னிக்கு, ஜெட்டிப் பாலத்துல எங்க ஊரு வண்டிக்காரர் மகன் நின்னுக்கிட்டிருந்தான். நான் சொல்லி அனுப்பினேனா?"

"ஒரு தடவைன்னா சரி சித்தி. மூணு தடவையா?"

"போய்ச் சேர்ற வரைக்கும் எத்தனை தடவைன்னாலும் வரணும்டி."

மழைக்காலம் நெருங்கியபோது கடையிலிருந்து வந்த கட்டுகள் முழுக்க இங்கிலீஷ் பத்திரிகைகளாக இருந்தன. தமிழ்ப் பத்திரிகை விற்றவர் ஊரைவிட்டே போய்விட்டாராம். கதை அந்தரத்தில் நின்றது. ஊர் திரும்பும் வழியில் கடைசி ஆற்றின் கரையில் கதாநாயகன், இந்தத் தடவை ஓடக்காரனைக் காணோம். நகரத்தில் அவன் மனைவி வெறுங்குடத்தோடு கிணற்று வாசலில் நிற்கிறாள். கொடுப்பதற்கு அவளிடம் அவன் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

"வரமாட்டான்," என்றாள் அம்மா. "வந்தான்னா நான் என் பேரை மாத்திக்கிறேன்."

"வருவாரு," என்றாள் சித்தி. இங்கிலீஷ் தாள்களிலும் பூட்டிய கிணறு இருக்கிறதா என்று அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் மடிப்பாள்.

அப்பா துறைமுகக் கிடங்கில் மேஸ்திரி. வழக்கமாகப் படகில் அக்கரைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று அரிசி மூட்டை விஷயமாக ஒருநாள் அப்பாவை அனுப்பினார்கள். அங்கே வெயிலுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையோரம் ஒதுங்கினார். எதிரே சித்தப்பா வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு கைக்குழந்தை. ஒரு பெண் அவர் முழங்கையைப் பிடித்தபடி நடந்து வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் சித்தப்பா குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டார். காணாமல்போனவர் இருந்தது, எங்கள் கடற்கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற கரையில். இதை நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்று நான் கண்டது, அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழுந்ததை மட்டும்தான்.

மறுநாள் அஞ்சடியில் அம்மா திடீரென்று, "அந்தக் கதை முடிஞ்சிருச்சாம்" என்றாள். "பசார்ல ஒரு அம்மா சொன்னாங்க. அவங்க வீட்டுல படிச்சாங்களாம்."

நான் பசைக் கரண்டியைப் போட்டுவிட்டு அம்மாவின் அருகில் நகர்ந்தேன். சித்தி மடித்த தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குக் கதை சொல்ல வராது. சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள். கதாநாயகனுக்கு மயக்கம் முழுக்கத் தெளிந்ததாம். ரெண்டு கையிலும் ரெண்டு குடம் ஆற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்க்க ஓடி வந்தானாம். நல்லவன்தானாம், பாவம். ஊர் மதில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வெள்ளம் வந்து ஓடம் கவிழ்ந்துவிட்டதாம். அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே முழுகிப்போனானாம். அவளும் அவன் பெயரைக் காவலனிடம் கொடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டாளாம். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு துக்கமும் இல்லையாம். தாயார் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்கிறாளாம்.

"நானும் கேள்விப்பட்டேன்," என்றார் ராத்தா அவசரமாக. "அதே அம்மாதான் சொன்னாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி பேசினாள்.

"மூணு ஆத்துலயும் முழுகாத ஓடம் வீட்டு வாசல்லயா முழுகிச்சு?"

"வெள்ளம் புள்ள."

"தண்ணி இல்லாத ஊருக்கு ஏதுக்கா வெள்ளம்?"

நான் கை தட்டினேன். இது என் விரல்களுக்குக்கூட எட்டாத பிழை. அம்மா என்னை முறைத்தாள்.

"இவ்வளவு நாளும் அவரை நாயே பேயேன்னீங்க," என்றாள் சித்தி. குரலில் கோபம் இல்லை. மடிப்பைச் சரிபார்ப்பதுபோல அம்மாவின் கதையை மெதுவாக ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். "மருந்துன்னு நான் சொன்னப்ப ஒத்துக்கல. இன்னிக்கு ரெண்டு கையிலயும் கொடத்தைக் குடுத்து நல்லவராக்கிட்டீங்க. அந்தப் பொண்ணைத் தாயார் வீட்டுக்கும் அனுப்பிட்டீங்க. பெத்தவளை அவ எப்பவோ குடுத்துட்டாளே. எந்தத் தாயாரு வீட்டுக்குப் போவா?"

நான் மறுபடி கை தட்டினேன்.

"அவரு செத்துட்டாராக்கா?"

 கதைக்குள் அவனை மூழ்கடித்த அம்மாவுக்கு, கதைக்கு வெளியே ஓர் "ஆமாம்" சொல்ல வாய் வரவில்லை. பசை விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ராத்தா, "அல்லா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அவரை எங்க பாத்தாங்க?" என்றாள் சித்தி.

"அக்கரையில, பாகான் டாலாம்," என்றாள் அம்மா.

"ஒத்தையாவா?"

அம்மா தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரிக்‌ஷா ஒன்று கடந்து போயிற்று.

நான் குறுக்கே புகுந்தேன். "பாகான் டாலாமா? கதையில அப்படி ஒரு ஊரே கிடையாதே! நான் எல்லாத்தையும் படிச்சிருக்கேன். அம்மா பொய் சொல்றாங்க சித்தி."

"ஆமா கண்ணு," என்றாள் சித்தி. "கதையில இல்ல."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தற்செயலுக்காக இத்தனை மாதம் என்னோடு மல்லுக்கட்டியவள், ஒரே மத்தியானத்தில் என் கட்சிக்கு வந்துவிட்டாள். அப்போதே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டும் என்று அவள் எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். கிரகணம். சமையற்காரி. மயக்க மருந்து. ஓடக்காரன். அவள் புதுத் தாளொன்றை எடுத்து, புரட்டிப் பார்க்காமலே மடித்துக்கொண்டு, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள்.