ஈயம் தின்னும் கடுகு

கடுகு இலையில் ஈயம் ஏறிவிட்டது என்று சோதனை முடிவு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுகூடத்தில் நின்றபடியே வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன்.

“இஞ்சேருங்கோ, இலை முழுக்க ஈயம்!”

“அது நல்ல கதையோ, கெட்ட கதையோ?”

“நல்ல கதை!” என்று கத்தினேன்.

மண்ணிலிருக்கும் ஈயத்தை உறிஞ்சி இலைக்கு ஏற்றும்படி மரபணு மாற்றிய கடுகு அது. வெளியே நட அனுமதியில்லை; நாலு பக்கமும் அடைத்த கூடத்துக்குள்தான் வளர்க்கிறோம். அதற்கு வைத்த மண் நிலாவெளியில் எங்கள் வீட்டுப் பின்வளவு மண். மீன்வலைக்குக் குண்டு வார்க்க இவர் வருடக்கணக்காக அங்கேதான் ஈயம் உருக்கினார். மகளின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளோடு அந்த அடுப்பு அணைந்தது. அவளுக்குப் பின்வளவும் இல்லாமல் போனது. மூன்று வயதுப் பிள்ளையை மண்ணில் விடாமல் வளர்த்துப் பாருங்கள், தெரியும். “மண் கூடாது, கை கூடாது, கழுவு” என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் தேய்ந்தது. அந்த மண்ணை நானே வாளியில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். “என்ன அக்கா, டவுனில மண்ணும் முடிஞ்சுதோ?” என்று கேட்டான் கொண்டக்டர்.

முடிவு வந்த அன்று பின்னேரமும் அதே பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்துச் சீட்டு மனிசி கொஞ்சம் தள்ளி இருந்தார்.

படலையைத் திறந்தால் வீட்டுக்குப் பின்னால் புகை. ஓடினேன். அடுப்பு எரிய, சட்டியில் ஈயம் பளபளக்க, இவர் சந்தோஷமாகக் குந்தியிருந்தார்.

“என்னப்பா செய்யிறியள்!”

“வலைக்குக் குண்டு காணாது. இனியென்ன, உம்மட செடி தின்னும்தானே?”

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “ஒரு வாளி மண்ணைத் துப்பரவாக்கவே அதுக்கு எத்தினை போகம் வேணுமோ தெரியாது. நீங்கள் விருந்து வைக்கிறியளோ?”

அந்த நேரம் பார்த்து, வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ளும் மாமியின் கையிலிருந்து நழுவிய மகள் பின்கதவடியில் வந்து நின்றாள். இவர் சமாளிக்கப் பார்த்து இரண்டு கையையும் அவளிடம் நீட்டினார். அவள் பின்னுக்கு நகர்ந்து, இடுப்பில் கை வைத்து, அச்சொட்டாக என் குரலில், “அப்பா, கை கூடாது!” என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவரும் சிரிக்கத் தொடங்கினார். தன் கையைப் பார்த்ததும் சிரிப்புப் பாதியில் நின்றது. விறகை வெளியே இழுத்து அணைத்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனேன். இவர் கிணற்றடியில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து, அவள் முன்னால் கையை விரித்துக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். “இன்னும்” என்றாள்.

இவர் திரும்பவும் கிணற்றடிக்குப் போனார்.